ஆறு றாத்தல்

நேற்று அப்புத்தளையில் அடக்கம்.
கொழும்பிலிருந்து வந்த திருச்சபைத் தலைவர் சொன்னார்:
"கலாநிதி அருமைநாயகம் ஐயர்
நான்கு றாத்தலிலிருந்து ஓர் இறையியலை எழுப்பினார்."
தகரக் கூரைமேல் மழை.
கடைசி வாங்கில் இருந்த எனக்கு
தொண்டை வரைக்கும் வந்தது: ஆறு.

நான் வேதக்காரன் இல்லை.
மாரியம்மன் திருவிழாக் கணக்கு
இருபத்திரண்டு வருசம் என் கையெழுத்து.
பிழைப்புக்கு, கொழுந்து மடுவத்தில் தராசு.

எழுபத்தோராம் வருசம்,
ஆனிக் காற்று ஆளைத் தள்ளிய ஒரு நாள்,
ஜெர்மனியில் பட்டம் வாங்கிய மனிதர்
வெறுஞ்சாக்கைப் பீலித் தண்ணீரில் நனைத்துத்
தோளில் சுமந்து வந்தார்.
சட்டையெல்லாம் ஈரம். "நிறுங்கள்."
நிறுத்தேன். ஒன்றரை.
பிழிந்துவிட்டு, "இப்போது?"
முக்கால்.
பனியில் ஒருதரம், வெயிலில் ஒருதரம்,
கொழுந்தோடு, கொழுந்தில்லாமல்,
பதினோரு மாதம் வந்தார்.
சின்னத் துரை, "ஐயருக்குத் தலையில் ஏதோ" என்றார்.
பேச்சாயி தன் கூடையை இறக்கி நீட்டினாள்:
"இதையும் போட்டுப் பாருங்க சாமி,
பொய் சொல்லத் தெரியாத கூடை."

எவ்வளவு நனைந்தாலும் ஈரம்
மூன்றைத் தாண்டவில்லை.
கொப்பியை மூடாமல் கேட்டார்:
"நீங்கள் எவ்வளவு கழிக்கிறீர்கள்?"

குவாட்டர்ஸ் தோட்டத்தினுடையது.
வீட்டில் அவளுக்கு எட்டு மாதம்.
நாலு, என்றேன்.
பென்சில் கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதியது.

முப்பது றாத்தல் குறைந்தால் அரைப்பேர்.
செக்ரோலில் அதை ஆயிரம் தரம் எழுதிய கை இது.
அதற்குள் ஒரு பெயர் வெட்டுப்பட்டுக் கிடப்பதை
அவர்தான் பார்த்தார்.
ஆண்டவர் ஒருத்தியைக் கூப்பிடும்போது
'பேச்' என்று பாதியில் நிறுத்துவாரா
எனப் பிரசங்கத்தில் கேட்டார்.
பாவத்தின் விலாசம் கொழுந்து மடுவம் என்றார்:
கொக்கி உண்டு, சங்கிலி உண்டு,
சாயங்காலம் நாலரைக்குத் திறக்கும்.
சபையில் பாதிப்பேர் தோட்டத்து உத்தியோகத்தர்.
அடுத்த மாதமே அவரைக் கொழும்புக்கு மாற்றினார்கள்.

மூன்று வருசத்தில் கேட்டு வாங்கித் திரும்பினார்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டு
பிரஜாவுரிமைப் படிவம் நிரப்பிக் கொடுத்தார்.
ராமேஸ்வரத்துக்குக் கப்பலேறப் பெட்டி கட்டியவர்களின்
சேமலாபப் பணத்துக்காக
கந்தோர் கந்தோராய் ஏறினார்.
இரவில் புத்தகம்.

கமிஷன் முன்னால் நாலு என்று சாட்சி சொன்னார்.
துரைமாரின் சட்டத்தரணி சிரித்தார்:
"மூன்று ஈரம். மிச்சம் ஒன்று.
ஒரு றாத்தலுக்கா இத்தனை இறையியல்?"
அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.
ஜன்னலோரம் நான் நின்றிருந்தேன்.
மிச்சம் மூன்று என்று தெரிந்த ஒரே காற்சட்டைக்காரன்.

புத்தகம் வந்தபோது எனக்கொன்று அனுப்பினார்.
எண்பத்தாறாம் பக்கம்,
'நாலு' என்ற அச்சுக்கு மேலே
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
வேறொன்றும் எழுதவில்லை.
தீபாவளிக்கு வருவார், முறுக்குத் தின்பார்,
மகனின் படிப்பை விசாரிப்பார்,
தராசைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.
நான் பென்சன் எடுத்த பிறகும் வந்தார்.
அந்த மௌனத்தையும் ஈரம் என்று கழித்துவிட்டேன்.

குழியோரம் ஒரு பிடி மண் எடுத்தேன்.
நனைந்திருந்தது.
எவ்வளவு கழிக்கலாம் என்று
கை தன்பாட்டில் கணக்குப் பார்த்தது.

கேற்றடியில் பேச்சாயி, தலை முழுக்க நரை.
மறித்துச் சொன்னேன்:
"நாலில்லை. ஆறு. நான்தான் மறைத்தேன்."

"ஆறா?" என்றாள்.
"மழை நாள்ல எட்டு."
குடையை விரித்துக்கொண்டு
சரிவில் இறங்கிப் போனாள்.